மூச்சுக்கு முன் வேண்டுவன: சீகோங் வரலாற்றில் ஒரு கேள்வி

கி.மு. 194ஆம் ஆண்டில், ஹான் பேரரசு தோன்றிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலத்தில், சீனத்தின் நடுப்பகுதியில் ஒரு சிறு அதிகாரி நோய் காரணமாகப் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். அவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பணி விலகிய செய்தி மட்டும், அவரோடு புதைக்கப்பட்ட நாட்காட்டி ஒன்றின் மூங்கில் பட்டையில் இரண்டொரு எழுத்துகளாக எஞ்சியிருக்கிறது. 1983ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி அடுத்த ஆண்டின் தொடக்கம் வரை, ஹூபெய் மாநிலத்தின் ஜியாங்லிங் அருகே ஜாங்ஜியாஷான் என்னுமிடத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்ட 247ஆம் எண் கல்லறை அவருடையது. ஏறத்தாழ கி.மு. 186இல் மூடப்பட்டது என்று கணிக்கிறார்கள். அதனுள் அவர் வாழ்நாளெல்லாம் கையாண்டிருக்கக்கூடிய சட்டத் தொகுப்புகள் இருந்தன. ஒரு கணித நூல் இருந்தது. கூடவே, உடலை இழுத்தும் வளைத்தும் மூச்சைச் செலுத்தியும் நோய் நீக்கும் வழிகளைச் சொல்லும் ‘யின்ஷூ’ என்ற சிறு நூலும் இருந்தது. 'இழுத்தல் நூல்' என்று தமிழில் சொல்லலாம்.

நோயுற்று வேலை இழந்த ஒருவர் உடற்பயிற்சி நூலொன்றைத் தேடி வைத்திருந்ததில் வியப்பில்லை. வியப்பு அந்த நூலுக்குள் இருக்கிறது. எந்தப் பருவத்தில் எப்போது எழ வேண்டும், எழுந்தவுடன் எப்படிக் கழுவிக்கொள்ள வேண்டும், தலைமயிரை அவிழ்த்துவிட்டு எவ்வாறு உலவ வேண்டும் என்றெல்லாம் தொடங்கி, முதுகுவலிக்கும் முழங்கால்வலிக்கும் தனித்தனிப் பயிற்சிகளைக் கூறிக்கொண்டே போகும் அந்நூல், முடிவுக்கு அருகில் வேறொரு கேள்வியை எழுப்புகிறது. மனிதர்கள் ஏன் நோயுறுகிறார்கள்? உயர்குடியினர் நோயுறுவது மகிழ்ச்சியும் சினமும் அவர்களுள் நிலைதவறிப் போவதால் என்கிறது நூல். எளியோர் நோயுறுவதற்கு அது சொல்லும் காரணம் வேறு: ஓயாத உழைப்பு, பசி, தாகம். வியர்வை ஓட உழைத்துவிட்டு நீரில் இறங்குகிறார்கள், குளிர்ந்த தரையில் படுக்கிறார்கள், போர்த்திக்கொள்வதில்லை. போதாக்குறைக்கு, மூச்சினால் நோயை வெளியேற்றும் முறையும் அவர்களுக்குத் தெரியாது. ஆகவே எளிதில் மடிகிறார்கள்.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. பசித்தவனுக்கு மூச்சுப்பயிற்சி தெரியவில்லை என்று குறைப்படும் இந்த வாக்கியத்தில் ஒரு கண்மறைப்பு இருக்கிறது. ஆயினும் பசியையும் குளிர்ந்த தரையையும் நோயின் காரணங்களாகப் பெயர் சொல்லி எழுதிய நேர்மையும் அதிலேயே இருக்கிறது. மூச்சுப்பயிற்சி பலிக்க என்னென்ன வேண்டும் என்று பின்னால் வந்த நூல்கள் பலவும் பட்டியலிட்டன. அமைதியான இடம், தூய காற்று, தளர்ந்த உடல், ஒருமுகப்பட்ட மனம் ஆகியவை எல்லாவற்றிலும் உண்டு. சோறும் கூரையும் ஓய்வும் அப்பட்டியலில் சில காலங்களில் வெளிப்படையாக இடம்பெற்றன. சில காலங்களில் சொல்லாமலே விடப்பட்டன. அந்த இடைவெளியின் வழியாக இந்தப் பயிற்சியின் வரலாற்றைப் பார்க்கலாம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். திருமந்திரம் படித்த வாசகருக்கு ஒப்பிடத் தோன்றும். அது பெரிய வேலை. இங்கே நாம் அதில் இறங்கவில்லை.

*

பழைய சான்றுகளை விரைவாகக் கடப்போம். ஹூநான் மாநிலத்தின் சாங்ஷா நகரையொட்டிய மாவாங்துய் மேட்டின் மூன்றாம் கல்லறை கி.மு. 168இல் மூடப்பட்டது, 1973 இறுதியில் திறக்கப்பட்டது. அங்கே கிடைத்த பட்டுத்துணி ஓவியத்தில் நாற்பத்து நான்கு மனிதர்கள் பயிற்சி செய்துகொண்டிருக்கிறார்கள். ஆணும் பெண்ணும், இளையோரும் முதியோரும் இருக்கிறார்கள். சிலர் மேலாடையின்றி நிற்கிறார்கள். கரடியைப் போல, நாரையைப் போல என்று சில உருவங்களின் அருகே குறிப்புகளும் உண்டு. இந்த ஓவியம் பலமுறை அச்சாகி, சீகோங்கின் 'தொன்மைச் சான்றிதழ்' போலவே ஆகிவிட்டது. அது ஒரு பிரபுவின் மகனுடைய கல்லறை என்பதை அதே ஆர்வத்தோடு யாரும் குறிப்பிடுவதில்லை.

கி.பி. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கெ ஹோங் இவ்வகையில் வெளிப்படையானவர். நள்ளிரவு முதல் நண்பகல் வரை உள்ள காற்று உயிருள்ளது, நண்பகல் முதல் நள்ளிரவு வரை உள்ளது இறந்தது. ஆகவே மூச்சைப் பயில்வோர் உயிர்க்காற்று உள்ள நேரத்திலேயே பயில வேண்டும் என்று அவர் எழுதினார். அதே நூலில், சாவாமை தரும் மருந்தைச் செய்யும் முறைகள் தமக்குக் கிடைத்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும், செய்து பார்க்கக் கையில் பொருள் இல்லாததால் பெருமூச்சு விடுவதைத் தவிர வழியில்லை என்றும் எழுதிவைத்தார். மூச்சைப் பற்றி அவ்வளவு எழுதியவரின் பெருமூச்சு இது.

ஆனால் இந்த வரலாற்றில் நாம் அதிகம் மதிக்கும் பட்டியல் ஒரு பௌத்தத் துறவியுடையது. ஜீயி (538–597) தியந்தாய் மலையில் வாழ்ந்தவர். அம்மலையின் பெயராலேயே அவரது மரபு அழைக்கப்படுகிறது. தியானத்தை முதன்முதலாகத் தொடங்குவோருக்கு அவர் ஒரு சிறு கையேடு செய்தார். தம் தமையனுக்காக அதை எழுதினார் என்பது மரபு. 'நிறுத்தலும் நோக்கலும்' பற்றிய அந்தச் சிறுநூல், எப்படி அமர்வது என்பதற்கு முன்பாக, அமரத் தொடங்குவதற்கே எவை வேண்டும் என்று கேட்கிறது. ஐந்தைச் சொல்கிறது. முதலாவது ஒழுக்கம், துறவி நூலில் அது முதலில் வருவது இயல்பு. இரண்டாவதாகவே உணவும் உடையும் வந்துவிடுகின்றன.

உடையைப் பற்றி அவர் எழுதியிருப்பது மனிதர்களை அறிந்த ஒருவரின் எழுத்து. பனிமலையில் ஒரே போர்வையோடு காலம் கழிக்கும் பேராற்றல் உடையோர் உண்டு. மூன்று ஆடைகளோடு நிறைவடைவோர் உண்டு. குளிர்நாட்டில் பிறந்து இவ்விரண்டும் இயலாதவர் வேண்டிய பொருள்களை வைத்துக்கொள்ளலாம், அளவு மட்டும் தெரிந்திருந்தால் போதும் என்கிறார். குளிரில் நடுங்குகிறவனைப் பார்த்து மன உறுதி போதாது என்று அவர் சொல்லவில்லை. மூன்றாவது அமைதியான இடம். ஆளரவமற்ற மலை முதலில் வருகிறது. அதற்கு அடுத்த நிலையில், ஊரிலிருந்து மூன்று நான்கு லீ தொலைவு, அதாவது ஒன்றரை இரண்டு கிலோமீட்டர். மாடு மேய்ப்பவர்களின் ஓசை அடங்கிப்போகும் தூரம் அது. இவ்வளவு துல்லியமாக அளந்தவர் அந்த ஓசையால் தொல்லைப்பட்டிருக்க வேண்டும்.

நான்காவது, அலுவல்களை விடுதல். பிழைப்புக்கான தொழில், உறவினரோடும் நண்பரோடும் உள்ள போக்குவரத்து, மருத்துவம் சோதிடம் முதலிய வித்தைகள் ஆகியவற்றைச் சொன்னபின் நான்காவதாகப் படிப்பையும் சேர்க்கிறார். நூல்களை ஓதுவதும் விவாதிப்பதும் கூட நிறுத்தப்பட வேண்டிய அலுவல்களாம். இலக்கியம் படிக்கும் நம் போன்றோருக்கு இந்த வரி சற்று உறுத்தும். ஐந்தாவது நல்ல நண்பர். இங்கும் ஒரு நுட்பம். நல்ல நண்பர் மூவகைப்படுவர்: கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர், உடன் பயில்பவர் ஒருவர். ஆனால் இவ்விருவருக்கும் முன்னதாக அவர் வைப்பவர், பயில்பவனுக்கு வேண்டியதைக் கொடுத்துக் காத்து, அவனைத் தொந்தரவு செய்யாமல் இருக்கும் புறக்காவலர். சோறு கொண்டுவந்து வைத்துவிட்டுப் பேசாமல் போகிறவர் என்று நாம் புரிந்துகொள்ளலாம்.

இவ்வளவும் சொன்ன பின்னரே அமரும் முறை வருகிறது. மிகுதியாக உண்டால் மூச்சு முட்டும், குறைவாக உண்டால் உடல் தளரும் என்று உணவின் அளவு; உறக்கத்தின் அளவு; ஓசையோடும் தடங்கலோடும் வரும் மூச்சை விலக்கி, இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் ஓடும் மெல்லிய மூச்சைக் கண்டடைதல். நோய்க்கென ஆறு வகை ஒலிகளோடு மூச்சை விடும் முறையும் அந்நூலிலேயே இருக்கிறது. அந்த ஆறு ஒலிகளை நாம் மறுபடி சந்திப்போம்.

*

ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் கழித்து ஜீயியின் கையேட்டை மீண்டும் திறந்தவர்களுள் ஒருவர் ஜியாங் வெய்ச்சியாவ் (1873–1958). பிற்காலத்தில் கல்வியாளர், ஷாங்காயின் புகழ்பெற்ற வணிக அச்சகத்தில் பாடநூல் பதிப்பாசிரியர், 1912இல் அமைந்த குடியரசின் கல்வித்துறையில் பணியாற்றியவர். இளமையிலேயே நோயாளி. 1900ஆம் ஆண்டு அவருக்குக் காசநோய் முற்றி இரத்தம் வந்தது. அவருடைய சகோதரர் ஏற்கெனவே அந்நோயில் இறந்திருந்தார். காசத்தை அடக்கிய ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட இன்னும் நாற்பத்து மூன்று ஆண்டுகள் இருந்தன.

அவர் மருந்தை விட்டார். வீட்டு அலுவல்களையும் விட்டார். தனியாக ஓர் அறையை ஒதுக்கிக்கொண்டு, விடிவதற்கு நெடுநேரம் முன்பே எழுந்து படுக்கையில் அமர்ந்து மூச்சைப் பயின்றார். பிறகு நகரத்தின் வாயிலைக் கடந்து திறந்த வெளியில் மெல்ல நடந்தார். பகலில் லாவோ சீயையும் சுவாங் சீயையும் படித்தார், ஏழு நரம்பு யாழை மீட்டினார், மறுபடி அமர்ந்தார். மூன்று மாதம் நெருங்கும்போது அடிவயிற்றில் வெம்மை ஓடத் தொடங்கியது என்றும், நோய் படிப்படியாக விலகியது என்றும் அவரே எழுதினார். 1914இல் 'யின்ஷிசீ' என்ற புனைபெயரில் அவர் வெளியிட்ட நூல் பலமுறை அச்சிடப்பட்டுப் பரவியது. இரசவாதிகளின் மறைபொருள் சொற்களை நீக்கி, ஈர்ப்பு மையம், நரம்பு, குருதியோட்டம் என்று புதிய காலத்தின் மொழியில் எழுதியதே அதன் கவர்ச்சி. அப்போது ஜப்பானில் பரவியிருந்த ஒகடா தோராஜிரோவின் அமர்வுமுறையும் அவருக்குத் தூண்டுதலாக இருந்தது. 1918இல் எழுதிய தொடர்ச்சி நூலில் அவர் தியந்தாய் முறைக்கு, அதாவது ஜீயிக்குத் திரும்பினார்.

அவர் குணமானதற்குக் காரணம் மூச்சா, ஓய்வா, நடையா, திறந்த வெளியா என்று இன்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. காசநோய்க்கு மருந்து இல்லாத காலத்தில் ஐரோப்பிய நலவாழ்வு இல்லங்களும் படுக்கை, காற்று, உணவு ஆகியவற்றையே கொடுத்தன. நமது கவனத்திற்குரியது வேறொன்று. ஜியாங்கின் நாளில் பிழைப்புக்கென ஒரு மணி நேரம்கூட இல்லை. ஜீயியின் நான்காம் நிபந்தனையை அவர் முழுமையாக நிறைவேற்றினார் (படிப்பைத் தவிர). அந்த மூன்று மாதமும் சமைத்தவர் யார், குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர் யார் என்பது நூலில் ஒரு பயிற்சிக் குறிப்பாக இடம்பெறவில்லை. புறக்காவலர் வீட்டுக்குள்ளேயே இருந்தார். பட்டியலிலிருந்து மட்டும் விழுந்துவிட்டார்.

*

'சீகோங்' என்ற சொல்லை இதுவரை நாம் முன்தேதியிட்டே பயன்படுத்தி வந்தோம். 'சீ' என்பது மூச்சு, காற்று, உயிரோட்டம். 'கோங்' என்பது பயின்று பெறும் திறன். இவ்விரண்டும் இணைந்த சொல் பழைய நூல்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக உண்டு. இழுத்தல், மூச்சைச் செலுத்தல், உள்ளே நோக்கல், அமைதியாக அமர்தல் என்று பலவாகக் கிடந்தவற்றுக்கெல்லாம் பொதுப்பெயராக அது நிலைபெற்றது 1949ஐ ஒட்டித்தான். ஐயாயிரம் ஆண்டுப் பழமை என்று பெருமை பேசப்படும் ஒன்றின் பெயர், மக்கள் சீனக் குடியரசின் வயதே உடையது. பெயர் வைத்தவர்கள் கம்யூனிஸ்டு கட்சியின் மாவட்ட ஊழியர்கள்.

அவர்களில் முதன்மையானவர் லியூ குவெய்ஜென். ஹெபெய் மாநிலத்து வெய் மாவட்டக்காரர், கட்சி ஊழியர். வயிற்றுப்புண்ணும் உறக்கமின்மையும் காசமும் சேர்ந்து வாட்ட, 1947இல் வேலை செய்ய முடியாத நிலையில் சொந்த ஊருக்கு அனுப்பப்பட்டார். அங்கே உறவுமுறைப் பெரியவர் ஒருவரிடம், தலைமுறைக்கு ஒருவருக்கே சொல்லித்தரப்படும் மறைமுறை ஒன்றைக் கற்றார். 102 நாள் பயின்று நலமடைந்து திரும்பினார். மாவட்டத் தலைமை வியந்தது. அந்த முறையை முழுமையாகக் கற்றுக்கொண்டு வந்து எல்லோருக்கும் பயன்படச் செய் என்று அவரைத் திருப்பி அனுப்பியது. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. சிற்றூர்களில் மருத்துவர்கள் இல்லை, மருந்து இல்லை. செலவில்லாத மருத்துவம் அவர்களுக்குத் தேவையாக இருந்தது.

மறைமுறையை மக்கள் மருத்துவமாக மாற்றும்போது அவர்கள் செய்த திருத்தங்கள் சுவையானவை. தியான அறையில் வீற்றிருக்கும் பொன் நாகத்தைப் பற்றிய மந்திரம் போயிற்று. உடல்நலத்துக்காக அமர்ந்து பயில்கிறேன் என்ற பொருளுடைய வாக்கியம் அவ்விடத்தில் வந்தது. குரு போனார், மருத்துவ ஊழியர் வந்தார். மலைக்குகை போயிற்று, கட்டில் வந்தது. நோயாளி படுத்தோ அமர்ந்தோ, நாவை மேலண்ணத்தில் வைத்து, மூச்சை இடையில் சற்று நிறுத்தி, நான் அமைதியாகிறேன் என்பது போன்ற சிறுதொடர் ஒன்றை மனத்துக்குள் சொல்லி, அடிவயிற்றில் கவனத்தை வைக்க வேண்டும். 'உள்வளர்ப்பு முறை' என்று அதற்குப் பெயர்.

1950களின் நடுவில் தாங்ஷான் நகரில் லியூவின் சீகோங் நலவாழ்வு இல்லம் நடந்தது. 1955 டிசம்பரில் சீன மருத்துவ ஆய்வகம் பெய்ஜிங்கில் தொடங்கப்பட்டபோது சுகாதார அமைச்சு அவரது குழுவைப் பாராட்டியது. அடுத்து, கட்சித் தலைவர்கள் கோடையைக் கழிக்கும் கடற்கரை ஊரான பெய்தாய்ஹவில் பெரிய இல்லம் எழுந்தது. 1957இல் ஷாங்காயிலும் ஒன்று; லியூவின் நூல் வெளியானதும் அதே ஆண்டில். வயிற்றுப்புண் நோயாளிகள் எடை கூடி, வலி நீங்கித் திரும்பினார்கள்.

திரும்பியிருப்பார்கள் என்றே நாமும் நம்புகிறோம். வயிற்றுப்புண் தானாகத் தணிந்து மீண்டும் கிளம்பும் இயல்புடையது. அதில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு கிருமியே காரணம் என்பது 1980களில்தான் தெரியவந்தது. ஆனால் நாம் கேட்க விரும்புவது அந்த இல்லத்தின் நாள் எப்படி இருந்தது என்பதை. வேலையிலிருந்து விடுப்பு. வேளாவேளைக்கு உணவு. கடற்காற்று. கேட்டுக்கேட்டுக் கவனிக்கும் ஊழியர்கள். அமைதி. செலவை அரசு நிறுவனம் ஏற்றது. 1951ஆம் ஆண்டின் தொழிலாளர் காப்பீட்டு விதிகள் அதற்கு வழிசெய்திருந்தன. ஜீயியின் ஐந்து நிபந்தனைகளும் ஒரு கட்டடத்துக்குள் கூடிவந்தன. புறக்காவலராக அரசே நின்றது. ஆயினும் அறிக்கைகளில் குணம் முழுவதும் மூச்சின் கணக்கிலேயே எழுதப்பட்டது. அந்த இல்லத்தின் கட்டிலில் படுத்தவர்களில் உயர் அலுவலர்களே மிகுதி என்பதும், செலவில்லாத மக்கள் மருத்துவமாகத் தொடங்கியது அங்கேதான் போய்ச் சேர்ந்தது என்பதும் அறிக்கைகளுக்குத் தேவைப்படாத செய்திகள்.

புறக்காவலர் முகம் திருப்பிக்கொள்ள அதிக காலம் ஆகவில்லை. 1965இல் சீகோங் பழைய மூடநம்பிக்கை என்று தாக்கப்பட்டது. லியூ கட்சியிலிருந்து நீக்கப்பட்டு, பண்ணை வேலைக்கு அனுப்பப்பட்டார். கலாசாரப் புரட்சியின் ஆண்டுகளில் இல்லங்கள் மூடப்பட்டன. எந்த மனிதர் 102 நாள் ஓய்வில் இந்தத் துறையைக் கண்டெடுத்தாரோ, அவருக்கு ஓய்வே மறுக்கப்பட்டது. பின்னால் அவர் பெயர் மீட்கப்பட்டது, 1983இல் இறந்தார்.

*

குவோ லின் ஓர் ஓவியர். கர்ப்பப்பைப் புற்றுநோய்க்கு 1949இல் அறுவை செய்துகொண்டவர். அது பரவியதால் மேலும் பல அறுவைகளைக் கடந்தவர். இளமையில் தாத்தாவிடம் கற்ற பயிற்சிகளை நினைவுகூர்ந்து, தமக்கென ஒரு நடைப்பயிற்சியை வகுத்துக்கொண்டார். மெல்ல நடத்தல், மூக்கால் இருமுறை உள்ளே, ஒருமுறை வெளியே. 1970களின் தொடக்கத்தில், சீகோங் என்ற சொல்லைச் சொல்வதே ஆபத்தாக இருந்தபோது, பெய்ஜிங்கின் பூங்காக்களில் அதைப் பிறருக்குக் கற்றுத்தரத் தொடங்கினார். காவலர்கள் விரட்டினார்கள். வேறு மூலைக்குப் போனார்.

அவரிடம் கட்டில் இல்லை, இல்லம் இல்லை, காப்பீடு இல்லை. இருந்தவை விடியற்காலையும் மரங்களும் உடன்வந்த நோயாளிகளும்தான். நமக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இது. ஜீயி 'உடன்பயில்வோர்' என்று எழுதிய நண்பர் வகை இங்கே முழுச்சுமையையும் தாங்கியது. புற்றுநோய் என்ற சொல்லை வீட்டில்கூட உரக்கச் சொல்லாத சமூகத்தில், அந்நோய் உடையவர்கள் ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள்; நடந்து முடித்துப் பேசினார்கள்; நேற்று வந்தவர் இன்றும் வந்திருக்கிறாரா என்று பார்த்தார்கள். 1984இல் குவோ லின் இறந்த பிறகும் அவ்வழக்கம் நின்றது. 1989இல் ஷாங்காயில் புற்றுநோயாளிகள் தமக்குத்தாமே அமைத்துக்கொண்ட மன்றத்தில் அவரது நடை முக்கிய இடம் பெற்றது. அந்த நடை கட்டியைக் கரைக்கும் என்பதற்குச் சான்று இல்லை. கட்டி உள்ள ஒருவருக்குக் காலையில் எழுந்து போக ஓர் இடம் இருந்தது என்பதற்குச் சான்று வேண்டாம்.

*

1978 மார்ச்சில் ஷாங்காயில், சீகோங் ஆசான் ஒருவரின் கையிலிருந்து வெளிப்படும் 'புறச்சீ'யைக் கருவியால் அளந்துவிட்டதாக ஓர் அறிவிப்பு வந்தது. அடுத்த ஆண்டு சிச்சுவானில் காதால் எழுத்துப் படிக்கும் சிறுவன் ஒருவனைப் பற்றி நாளிதழ் எழுதியது. நாட்டின் ஏவுகணைத் திட்டத்தின் தந்தையான ச்சியென் ஷுவேசென் இவற்றுக்கு ஆதரவளித்தார். அதன் பிறகு நடந்ததைச் சீனர்களே 'சீகோங் காய்ச்சல்' என்கிறார்கள். டேவிட் பால்மர் 2007இல் எழுதிய நூலுக்கும் அதுவே தலைப்பு. கோடிக்கணக்கானோர் பயின்றார்கள். ஆசான்கள் பெருகினார்கள். யான் ஷின் போன்றோர் ஆயிரக்கணக்கானோர் கூடிய அரங்குகளில் மணிக்கணக்கில் பேசினார்கள். பேச்சைக் கேட்பதே பயிற்சி, ஆசானின் சீ அரங்கம் முழுவதும் பாய்கிறது என்று சொல்லப்பட்டது.

இந்தக் காலத்தில் நிபந்தனைகளின் பட்டியல் அடியோடு மாறியதை நாம் கவனிக்க வேண்டும். அமைதியான இடம் வேண்டாம். நெரிசலான அரங்கமே போதும். மூன்று மாத ஓய்வு வேண்டாம்; நுழைவுச்சீட்டு போதும். எஞ்சிய ஒரே நிபந்தனை, மனம் உண்மையாக இருந்தால் பலிக்கும் என்பது. கோயில்களில் வழங்கிய பழைய சொலவடை அது. அதன் மறுபக்கத்தை நோயாளியே சுமந்தான். பலிக்கவில்லை என்றால் அவன் மனம் உண்மையாக இல்லை. ஜீயி குளிர்நாட்டவனுக்குக் கூடுதல் போர்வை கொடுத்தார். இவர்கள் அவன் நடுக்கத்தையே அவன்மீது குற்றமாக எழுதினார்கள். மருந்தை நிறுத்தியவர்கள் இருந்தார்கள். இடைவிடாத பயிற்சியில் மனம் பிறழ்ந்தவர்களும் இருந்தார்கள். பெய்ஜிங்கின் மனநல மருத்துவர்கள் அவர்களுக்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவு நடத்த வேண்டியிருந்தது. 1994இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூல், பண்பாடு சார்ந்த நிலைகளின் பட்டியலில் சீகோங் மனப்பிறழ்வையும் சேர்த்தது.

மக்கள் ஏன் இவ்வளவு நம்பினார்கள் என்று ஏளனம் செய்வது எளிது. கம்யூன்கள் கலைந்தபோது சிற்றூர்களின் கூட்டுறவு மருத்துவமும் பெரும்பாலும் கலைந்துபோனது. 1990களில் அரசு ஆலைகள் ஆட்களை இலட்சக்கணக்கில் வெளியேற்றின. வேலையோடு மருத்துவச் செலவை ஏற்ற கையும் போயிற்று. புறக்காவலர் மறைந்த வீட்டில் மன உண்மை ஒன்றுதான் இலவசமாகக் கிடைத்தது.

முடிவு அனைவரும் அறிந்ததே. 1999 ஏப்ரலில், இளையோர் சீகோங் பயில்வதைத் தாம் ஏற்கவில்லை என்று இயற்பியலாளர் ஹெ சுவோஷியு தியன்ஜினில் ஓர் இதழில் எழுதினார். அதை எதிர்த்த ஃபாலுன் கோங் அமைப்பினர் பத்தாயிரம் பேருக்கு மேல், ஏப்ரல் 25 அன்று, ஆட்சித் தலைமை அமர்ந்திருக்கும் ஜோங்நான்ஹாய் வளாகத்தைச் சுற்றி ஓசையின்றி நின்றார்கள். ஜூலை 22 அன்று அவ்வமைப்பு தடைசெய்யப்பட்டது. கைதுகளும் கடும் ஒடுக்குமுறையும் தொடர்ந்தன. தொடர்பில்லாத பிற சீகோங் குழுக்களும் கலைக்கப்பட்டன. பூங்காவின் விடியற்காலைக் கூட்டமே ஐயத்துக்குரியதாயிற்று. பயிற்சிக்கு அனுமதியும் ஒரு நிபந்தனை என்பதைப் பழைய நூல்கள் எழுதவில்லை. குவோ லின் எழுதாமலே அறிந்திருந்தார்.

2003இல் அரசு விளையாட்டுத் துறை நான்கு பயிற்சிகளைச் செம்மைப்படுத்தி வெளியிட்டது. ஐவகை விலங்காட்டம், எட்டுப் பட்டுத்துண்டு எனப்படும் பாதுவான்ஜின், தசைநார் மாற்றும் யீஜின்ஜிங், ஆறு ஒலிகள். ஆம், ஜீயியின் கையேட்டில் இருந்த அதே ஆறு. யீஜின்ஜிங் பற்றி ஒரு சொல்: அதைக் காஞ்சியிலிருந்து சென்ற போதிதருமர் அருளினார் என்ற கதை தமிழகத்தில், குறிப்பாக 2011இல் 'ஏழாம் அறிவு' படம் வந்த பிறகு, பரவலாக நம்பப்படுகிறது. அந்நூலின் பழமையை நாட்டும் முன்னுரைகள் பிற்காலத்துப் புனைவு என்றும், நூலே பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்றும் சீன ஆய்வாளர்கள் நிறுவியிருக்கிறார்கள். தென்னிந்தியத் துறவி ஒருவர் சீனம் சென்றார் என்ற மரபுக்கு இதனால் குறைவில்லை. இந்தப் பயிற்சி அவருடையது என்பதற்கு மட்டும் இடமில்லை.

புதிய வெளியீடுகளில் மந்திரம் இல்லை, ஆசான் இல்லை, புறச்சீ இல்லை. ஒலிப்பெட்டியிலிருந்து இசை வருகிறது. எண்ணிக்கைக்கு ஏற்பக் கைகள் உயர்கின்றன. முதியோரின் சமநிலைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் இது நல்லது என்று ஆய்வுகள் வருகின்றன. மூச்சின் பயனையும், மெல்லிய உடற்பயிற்சியின் பயனையும், பத்துப் பேரோடு சேர்ந்து நிற்பதன் பயனையும் அவற்றால் எளிதில் பிரிக்க முடிவதில்லை.

அந்தப் பூங்காக்களில் காலையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் ஓய்வுபெற்ற பெண்கள். 1950களில் வகுத்த விதிப்படி, ஆலைப் பெண்கள் ஐம்பது வயதிலும் அலுவலகப் பெண்கள் ஐம்பத்தைந்திலும் ஆண்கள் அறுபதிலும் ஓய்வு பெற்றுவந்தார்கள். 2024 செப்டம்பரில் சீன நாடாளுமன்றத்தின் நிலைக்குழு அவ்விதியைத் திருத்தியது. 2025 ஜனவரி 1 முதல் பதினைந்து ஆண்டுகளில், சிறுகச் சிறுக, அந்த வயதுகள் ஐம்பத்தைந்தாகவும் ஐம்பத்தெட்டாகவும் அறுபத்து மூன்றாகவும் உயர்ந்துகொண்டிருக்கும்.